பத்தாவது அடி

சிவநேசம் பேரம் பேசத் தொடங்கினால், விலைச்சீட்டு ஒட்டிவைத்த மொன்றியல் நகரக் கடைக்காரனும் இறங்கிவருவான். படியாவிட்டால் கணவர் பேரின்பநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடப்பாள். "திரும்பிப் பாக்காதேங்கோ, கூப்பிடுவினம்" என்பாள். பத்து அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் இனி விழிக்கமாட்டாள், சுவாச இயந்திரத்தை நிறுத்தலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். "இன்னும் ஒரு கிழமை" என்று பேரின்பநாதன் மூன்று தடவை பேரம் பேசி, மூன்று வாரம் தள்ளிப்போட்டார். இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டார். நிறுத்தினார்கள். அவள் கை குளிரும்வரை பிடித்திருந்துவிட்டு எழுந்தார்.

நடைகூடத்தில் அடிகளை எண்ணியபடி மெதுவாக நடந்தார். ஒன்பதாவது அடியில் ஒரு குளிர்ந்த கை அவர் கையைப் பிடித்தது. பத்தாவது அடியில், அறைக்குள்ளிருந்து தாதி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கூப்பிடுகினம் நேசம், திரும்பட்டோ?"

திரும்பவிடாமல் கை இன்னும் இறுகியது.