முதல் ரவுண்டு

இணையத்தில் ஆளுக்கொரு கற்பனை நாட்டை ஆளும் கூட்டத்துக்கு ரக்பி பந்தாட்டக் கோப்பை நடத்துபவர், ஒரு ஆபீசில் கணக்கராக இருப்பவர். வெற்றி தோல்வியை அவர் எழுதிய புரோகிராம் குலுக்கிப்போட்டுச் சொல்லும்.

"அண்ணே, என் நாட்டை முதல் ரவுண்டுலயே தூக்கிட்டீங்களே!" என்று முகம் தெரியாத ஒருவன் புலம்பினான்.

"நானா தூக்கினேன்? கம்ப்யூட்டர் தூக்குச்சு. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான் தம்பி" என்று பதில் போட்டார்.

ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்ட வாரம், புது மேனேஜர் அவர் மேஜைக்கே வந்தார். "உங்க ரக்பி புரோகிராமைத் தர்றீங்களா சார்? பாரபட்சமே பார்க்காதாமே!"

மேனேஜருக்கே உதவுகிறோம், இனித் தன் வேலைக்கு ஆபத்தில்லை என்று கணக்கர் குளிர்ந்துபோய்க் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வேலைநீக்க உத்தரவு அவர் கைக்கே வந்தது. "இத்தனை வருஷம் உழைச்ச என்னையா சார் தூக்கிட்டீங்க?"

மேனேஜர் சிரித்தார். "நானா தூக்கினேன்? கம்ப்யூட்டர் தூக்குச்சு. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், அண்ணே!"