ஏழாவது மலை

"இதுல ஹெர்டிஸ் எது?"

அந்த அம்மாள் குடையை மடக்காமல், மலையுச்சியில் இருக்கும் என் காப்பிக் கடையின் சன்னல் வழியே அஞ்சலட்டை ஒன்றை நீட்டினார்.

அட்டையின் பின்புறம் பென்சிலில் ஏழு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவர் விரல் கடைசிப் பெயரின் மேல் இருந்தது.

எங்கள் துறைமுக நகரான பெர்கனைச் சூழ்ந்து நிற்கும் மலைகள் ஏழு. எந்த ஏழு என்பதில் மட்டும் ஊரில் இருவருக்கு ஒரே கருத்து கிடையாது. நான்கில் தகராறில்லை, மற்ற மூன்றையும் அவரவர் வீட்டுச் சன்னல் தீர்மானிக்கிறது.

ஆனாலும், ஹெர்டிஸ் என்றொரு மலையை நான் கேள்விப்பட்டதில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெளியூர்க்காரரிடம் பெர்கன்காரர் எவரும் சொல்லாத சொல் அது.

"யார் எழுதினது?" என்றேன்.

"என் வீட்டுக்காரர் ஆர்விட். பிறந்தது இங்கதான். நாற்பத்தோரு வருஷம் இந்த ஊர்ப் பெருமையே பேசினார். ஒரு தடவை கூட்டிட்டு வரல. போன மார்ச்ல போய்ச் சேர்ந்துட்டார்."

"எந்த ஊரும்மா நீங்க?"

கேட்டவர் ஸ்வெர்ரே. துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவர். இழுவை ரயிலில் ஏறாமல் தினமும் நடந்தே இந்த உச்சிக்கு வந்து, ஒரு கோப்பைக் காப்பியை ஒரு மணி நேரம் குடிப்பார்.

"ஹாமர்."

"ஹாமரா! அங்க வைக்கப்போரைத்தானே மலைன்னு சொல்வீங்க?"

"எங்களுக்கு எண்ணத் தெரியும். ஏழுன்னு சொன்னா ஏழுதான் வச்சிருப்போம்."

ஸ்வெர்ரே காப்பியைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் காலையிலிருந்து கணவரின் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்து மரவீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, எந்நேரமும் விழப்போவதுபோல் முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன என்று ஆர்விட் சொன்னது உண்மை. அவற்றின் இடுக்குச் சந்துகளில் தார் மணக்கும் என்றது உண்மை. மீன் சந்தைக்காரர்கள் விலையைச் சொல்வதற்கு முன் வம்பு பேசுவார்கள் என்றதும் உண்மை.

"அவர் அளந்து விடறார்னே நினைச்சிருந்தேன்," என்றார். "இப்பப் பார்த்தா, குறைச்சுத்தான் சொல்லியிருக்கார்!"

பிறகு அட்டையைத் திருப்பிக்கொண்டார்.

"ஆறு மலையும் சரியா இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது இந்த ஏழாவது. இதுவும் இருந்துட்டா, அவர் எங்கிட்ட பொய்யே சொன்னதில்லைன்னு ஆயிடும்."

"இல்லேன்னா?" என்றார் ஸ்வெர்ரே.

"இல்லேன்னா நான் நினைச்சதுதான் சரி. ஆனா இந்தத் தடவை ஜெயிக்க எனக்கு மனசில்ல."

ஸ்வெர்ரே கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, தூறலுக்குள் கையை நீட்டினார்.

"அதோ, அந்த மேகத்துக்குப் பின்னால. அதுதான் ஹெர்டிஸ்."

அவர் முந்திக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"அங்க இல்ல," என்றேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"நாற்பது வருஷம் கப்பலுக்கு வழி காட்டினவன். எனக்கே சொல்றியா, யூன்னி?"

"கப்பலுக்குத்தானே காட்டினீங்க? மலைக்கு இல்லையே."

சிறிது நேரம் வாதிட்டோம். இறுதியில், இருவருக்கும் பொதுவாக ஒரு மேகம் முடிவாயிற்று. அது விலகினால் மலை தெரியும் என்று அந்த அம்மாளிடம் உறுதியாகச் சொன்னோம். எங்கள் ஊரில் மேகம் விலகும்வரை எந்தப் பயணியும் காத்திருப்பதில்லை.

அந்த அம்மாள் படம் எடுக்கவில்லை. மேகத்தையே வெகுநேரம் பார்த்தார். பின்னர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஏழாவது பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு குறி இட்டார்.

ரயில் நிலையத்திலிருந்து சுற்றுலா வழிகாட்டிப் பெண் ஒருவர், நனைந்த பயணிகள் பட்டியலை ஆட்டியபடி கத்தினார்.

"ஹெர்டிஸ்! ஹெர்டிஸ் அம்மா! எல்லாரும் ஏறியாச்சு, உங்களுக்காகத்தான் வண்டி நிக்குது!"

"இதோ வந்துட்டேன்!" என்றார் அந்த அம்மாள்.

இரண்டடி நடந்து, திரும்பினார்.

"என் பேரை முன்னாடியே சொல்லியிருந்தா, பாவம் கிழவின்னு, அப்படி ஒரு மலை இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. அதான் சொல்லல. கோவிச்சுக்காதீங்க."

ரயில் இறங்கிப் போயிற்று. ஸ்வெர்ரேயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் கேட்காமலே அவருக்கு இரண்டாவது காப்பி ஊற்றினேன். அவரும் மறுக்காமல் குடித்தார்.

மறுநாள் வானம் வழக்கத்துக்கு மாறாகத் தெளிந்திருந்தது. புதிதாக மணமான இருவர் வந்து, ஏழு மலைகளின் பெயர்களையும் கேட்டனர்.

ஆறுவரை எண்ணி நான் நிறுத்தினேன்.

ஏழாவதை ஸ்வெர்ரே சொன்னார், கையையும் நீட்டினார். அந்தத் திசையில் அடிவானம்வரை நீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எங்க? ஒண்ணுமே தெரியலையே!" என்றாள் அந்தப் பெண்.

"மேகம் வந்தாத்தான் தெரியும்," என்றேன்.