வேனில் மட்டும் பேசுகிறவள்

பெரிய மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் அஞ்சலாட்சியைக் கண்டதும், செந்தமிழ்ச்செல்வி தன் தோளிலிருந்த அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள்.

மிக்ஸி ஓடினாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பிள்ளை. மார்க்கெட் வாசலிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தவள், இப்போது அத்தனை கூச்சலுக்கும் நடுவே அஞ்சலாட்சியை ஒட்டிச் சாக்கின்மேல் உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அம்மா கலைமகளுக்கு வயிறு எரிந்தது.

தன் தோளில் அந்தத் தலை கடைசியாக எப்போது சாய்ந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

பேருக்கு ஒன்றும் குறைச்சலில்லை, செந்தமிழ்ச்செல்வி. ஒன்பது வயதாகியும் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கலைமகள் ஏறி இறங்காத படியில்லை. அம்மா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்றிருந்தாள்.

அப்படிப்பட்டவள் பள்ளி வேனில் பேசுகிறாளாம். கோடை விடுமுறை விட்ட அன்று டீச்சர் பூரித்துப்போய்ச் சொன்னார். அதுவும் யாரிடம்? பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடுகிற அஞ்சலாட்சியிடம்.

பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒன்றுமில்லை. இருபது நிமிடம் வேனில் கூட வருகிறவளுக்கு எல்லாம்.

அவளை முன்பே கலைமகளுக்குப் பிடிக்காது. தினமும் காலையில் உழவர்கரை வீட்டு வாசலில் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, போய்க் கொஞ்சம் படுக்கச் சொல்வாள். பாத்திரம் கிடக்கிறது, துணி கிடக்கிறது, என்னைப் படுக்கச் சொல்ல இவள் யார் என்று கலைமகள் பட்டென்று கதவைச் சாத்திக்கொள்வாள்.

இன்று விடுமுறையின் இருபத்திரண்டாவது நாள். பள்ளியும் இல்லை, தெரபியும் இல்லை. கணவனுக்கு ஷிப்டு. எதிர்வீட்டுக்காரி குழந்தைகளோடு ஊட்டிக்குப் போய் வாட்ஸப்பில் படமாகப் போட்டுத் தள்ளுகிறாள். அதைப் பார்த்துப் பொறாமைப்படக்கூடக் கலைமகளிடம் தெம்பில்லை.

மகள் எட்டேகாலுக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வேன் வராத கோபத்தில் அம்மாவின் முன்கையைக் கடிக்கிறாள். கலைமகள் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். வருஷக்கணக்காக அவள் அழுவது அங்கேதான். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.

விடுமுறையில் வேன் வேலை இல்லாததால் அஞ்சலாட்சி மார்க்கெட்டில் பூக் கட்டுகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் கலைமகள் வந்திருந்தாள். மகளின் பேச்சைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

உன்னிடம் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று நேராகவே கேட்டாள்.

அஞ்சலாட்சியின் விரல்கள் நாரில் நின்றன. பிள்ளைதானே, ஏதாவது பேசும் என்று மழுப்பினாள்.

மறைக்கிறாள். என் பிள்ளையின் பேச்சை எனக்குத் தராமல் இவளே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். கலைமகள் விடுவதாக இல்லை. கேட்காமல் இந்த இடத்தைவிட்டு நகரப்போவதில்லை என்றாள்.

அஞ்சலாட்சி பூவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளோடு அணைத்து, மேடு பள்ளத்தில் வேன் போவதுபோல மெல்ல ஆடத் தொடங்கினாள்.

செந்தமிழ்ச்செல்வியின் கண்கள் பாதி மூடின. வாய் திறந்தது.

“ஒரு நாளு... ஒரே ஒரு நாளு எனக்கு லீவு குடு சாமி. இந்தப் புள்ளைய யாராச்சும் பாத்துக்கினா, நான் கொஞ்சம் படுப்பேன்.”

அச்சு அசலாகக் கலைமகளின் குரல். நடுவில் மூக்கை உறிஞ்சுவதுகூட விட்டுப்போகவில்லை. கடைசியில், துருப்பிடித்த குளியலறைக் குழாயைத் திருகி மூடுகிற கிரீச்சையும் வாயாலேயே போட்டாள்.

அஞ்சலாட்சி மறுபடி நாரைக் கையில் எடுத்தாள். கலைமகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தினமும் வாசலில் சொல்வதைத்தான் சொன்னாள்.

“நீங்க போயி கொஞ்சம் படுங்க. நான் பாத்துக்கறேன்.”