அத்தான் சொன்ன வாக்குமூலம்

“எப்பிடி நடந்தது எண்டு மிஸ் கேக்கிறா. பயப்பிடாமல் சொல்லு,” என்றார் புஷ்பராஜ்.

நிருஷா இடது கையை ஷோலால் மூடிக்கொண்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பதினேழு தையல். மேசைக்கு அப்பால் சிங்களப் பாணியில் ஒசரிச் சேலை கட்டிய அதிகாரி பேனையோடு காத்திருந்தார். வன்முறையில் காயப்பட்டவர்களுக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுக்கும் கந்தோர் அது. ஆஸ்பத்திரி அனுப்பிய அறிக்கையைப் பார்த்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நிருஷா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம். அவளுக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடைக்குத்தான் காணும். அதனால் கணவனின் தமையன் புஷ்பராஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தார். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள்.

“வெட்டினது உங்கட தம்பிதான் அத்தான், உங்களுக்குத் தெரியும்தானே,” என்றாள். “குசினிக் கத்தியால. திரும்ப அந்த வீட்டுக்குப் போனா நான் உயிரோட இருக்க மாட்டன். தங்கிறதுக்குப் பாதுகாப்பான இடம் தருவினமாம், நேர்ஸ் சொன்னவ. அதைக் கேளுங்கோ.”

புஷ்பராஜ் தலையாட்டிக் கேட்டுவிட்டு அதிகாரியிடம் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். இரண்டே வசனம். அதில் ‘ஹொரா’ என்ற சொல் விழுந்ததும் நிருஷா அவர் பக்கம் திரும்பினாள்.

“கள்ளன் எண்டோ சொன்னனீங்கள்?”

“முகத்தை மூடிக்கொண்டு வந்த கள்ளன். அப்பிடித்தான் சொல்ல வேணும். தம்பியைப் பொலிஸ் பிடிச்சு மறியல்ல அடைச்சா உனக்கு ஆர் சாப்பாடு போடுறது? இதெண்டா நட்டஈடும் வரும், மானமும் தப்பும்.” குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொன்னார். பார்ப்பவர்கள் ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அதிகாரி எழுதிக்கொண்டே சிங்களத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“முந்தியும் இப்பிடி நடந்ததோ எண்டு கேக்கிறா.”

“ஓம். பொங்கலுக்கு முதல் நாள் தலையைப் பிடிச்சுச் சுவரில அடிச்சவர். மாமியும் பாத்துக்கொண்டு நிண்டவ.”

“நே, மிஸ்,” என்றார் புஷ்பராஜ். அவ்வளவுதான், இல்லை என்று முடித்துவிட்டார்.

நிருஷாவுக்கு அழுகை முட்டியது. எழுந்து நின்று, “ஹொரா நே, மிஸ்...” என்று தொடங்கினாள். கணவன் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியவில்லை. மரக்கறிக் கடையில் அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை.

“என்ர புருஷன்தான் மிஸ்,” என்று தமிழிலேயே சொல்லி விம்மினாள்.

புஷ்பராஜ் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பயத்தில் ஏதோ பிதற்றுகிறாள், பாவம் என்று சிங்களத்தில் வருத்தத்தோடு விளக்கினார். அதிகாரி தலையை அசைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் எழுதி, தாளைத் திருப்பி நிருஷாவின் முன் தள்ளினார்.

“சைன் வை. வேலை முடிஞ்சுது,” என்றார் புஷ்பராஜ் நிம்மதியாக.

பேனையை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பொய்க்குக் கையெழுத்து வைத்துவிட்டு இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். வெட்டினது உங்கட தம்பிதான், குசினிக் கத்தி, பொங்கலுக்கு முதல் நாள் என்று அவள் வாயால் சொன்னது அத்தனையும் அதில் தமிழில் இருந்தது.

“ஆறுதலா வாசிச்சிட்டு வையுங்கோ, தங்கச்சி. இண்டைக்கே தங்கிறதுக்கு இடம் பாத்துத் தாறன்,” என்று தமிழில் சொன்ன அதிகாரி, இன்னொரு தாளை எடுத்துப் புஷ்பராஜின் பக்கம் நீட்டினார். “நீங்கள் சொன்ன கள்ளன் கதையைத் தனியா எழுதியிருக்கிறன், மிஸ்டர். அதுக்குக் கீழ நீங்கள் சைன் வையுங்கோ.”