சுவிட்ச் எல்லாம் கீழே

அந்தப் பழைய காரின் கூரையை வெட்டி, கியர் போடத் தேவையில்லாத புது இன்ஜின் ஏற்றியிருந்தார்கள். சித்தூரில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ரமணா, மக்கிய வயர்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புது வயரிங் செட்டை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஹாரன், லைட்டு, சாவி எல்லாத்தையும் காலாண்ட வெக்கச் சொல்றியே சம்பத்து, குனிஞ்சிக்கினே ஓட்டப் போறியா?"

"வண்டி எங்க அக்காது. அது கேட்டா மாதிரியே வெச்சிக் குடு."

கார் பைத்தியங்களுக்கு என்னென்னவோ ஆசை என்று நினைத்தபடி ரமணா வேலையை முடித்தான்.

மறுநாள் சம்பத்தின் அக்கா தாட்சாயணி, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு திருப்பதியிலிருந்து வந்தாள். தம்பி கதவைத் திறந்துவிட, ஏறி உட்கார்ந்து செருப்பை உதறினாள். இடது கால் விரலால் சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்தாள். பிறகு அதே காலைத் தூக்கி ஸ்டீயரிங்மேல் வைத்தாள்.

துப்பட்டா நழுவியது. தோளுக்குக் கீழே இரண்டு கைகளும் இல்லை.

"பொறந்ததுலேர்ந்தே இப்டித்தாண்ணா," என்றாள் அவள். "லைசென்சு வாங்க கோர்ட்டு வரிக்கும் போனேன். ஏறுங்க, பைபாஸ் வரிக்கும் போய்ட்டு வரலாம்."

ரமணா ஏறினான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, வளைவில் திரும்பி, பைபாஸில் பறந்தது கார். அவன் ஒருமுறைகூட ரோட்டைப் பார்க்கவில்லை.