படுத்திருந்த கோடு

அப்பா கைபேசியை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கோடு படுத்துல்லா கெடக்கு. பின்ன எதுக்கு டாக்டர் கையைக் கீறணும்?"

டாக்டர் படத்தைப் பார்த்தார். ஓரத்து எண்களைப் பார்த்தார். பிறகு, நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"பையன்தான். கம்ப்யூட்டர்ல இதுதான் அவனுக்கு வேலை."

அப்பா மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடம் பேசினாலும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.

அவன் தரையைப் பார்த்தான்.

சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் உப்பு ஏறுகிறது என்று முதலில் தெரிந்தபோது அப்பா சாப்பாட்டை விட்டார். நடப்பதை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் எண்களைப் படமாக்குவதுபோல, அப்பாவின் பரிசோதனை முடிவுகளையும் அவன் படமாக்கிப் பார்த்தான்.

கோடு செங்குத்தாக ஏறியது.

அதைக் காட்ட மனம் வரவில்லை.

பைத்தான் நிரல்மொழியில் அந்தப் படத்துக்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் எழுதினான். மேலே போகப் போக எண்களை நெருக்கிப் பிடிக்கும் அளவுகோல். எண்ணைச் சுருக்கிப் போகும் வழி மட்டும் போதாது, பழைய எண்ணுக்குத் திரும்பி வரும் வழியையும் எழுது என்றது நிரல். அதையும் எழுதினான்.

கோடு படுத்துவிட்டது.

ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

அப்பா அன்று தோசை கேட்டுச் சாப்பிட்டார். அந்த வாரமே பஜார் வரை நடந்தார். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் புதுப் படம் கேட்டார். அவன் அனுப்பிக்கொண்டே இருந்தான்.

"போன தடவையே இந்த ஆபரேஷனைச் சொன்னேன்," என்றார் டாக்டர். "அப்பவும் இதைத்தான் காட்டினார். டயாலிசிஸ் தேவைப்படுறதுக்கு முன்னாடியே, ஊசி குத்த கை ரத்தக்குழாய் தயாராயிருக்கணும். இப்பவே லேட்."

போன தடவை அவன் ஊரில் இல்லை. அப்பா இதைச் சொல்லவும் இல்லை.

வெளியே, வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள்.

அவன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான். தான் எழுதிய அளவுகோலை முழுக்க அழித்தான். படத்தை மறுபடி வரையச் சொன்னான்.

கோடு எழுந்து நின்றது.

அப்பா குனிந்து பார்த்தார்.

"இது யாருக்குள்ளது?"

"ஒங்களுக்குள்ளதுதாம்ப்பா. முன்ன அனுப்புனதும் ஒங்களுக்குள்ளதுதான். நான்தான் அமுக்கி வச்சேன்."

அப்பா விரலைத் திரையில் வைத்தார். கீழிருந்து மெல்ல மேலே கொண்டுபோனார். உச்சியில் விரல் சற்று நின்றது.

"நான் பயந்துருவேன்னு நெனச்சியாக்கும்."

அப்பா திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"சரி. உள்ள போயி ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக்கோ."

அவன் எழப்போனான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். நடைபாதையின் கோடியில் அம்மா, மருந்துப் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஒங்கம்மாவுக்குப் பழசையே காட்டு."

பிடி இறுகியிருந்தது.

அம்மா வந்து அவனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் எதையும் மாற்றவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அம்மா கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, போட்டுக்கொண்டாள்.