சுருள் போகாத நூல்

கேரல் பாட வந்தவர்கள் ஜெபசீலி வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்து அசந்து நின்றார்கள். கிளைக்குக் கிளை மஞ்சள் கம்பளிக் குஞ்சங்கள். அட்டையில் நூலைச் சுற்றி, நடுவில் கட்டி, ஓரத்தை வெட்டினால் ஒரு குஞ்சம்.

“நூல் ஏது?” என்று கேட்டார் போதகரின் மனைவி.

“டவுன்ல வாங்கினேம்மா.”

சொன்ன பிறகுதான் கூட்டத்துக்குப் பின்னால் சலோமி நிற்பது தெரிந்தது. கணவனின் அக்கா. குழந்தைக்கென்று அவள் பின்னித் தந்த ஸ்வெட்டரை, இந்த வெக்கையில் யார் போடுவார்கள் என்று ஒருநாளும் போட்டுவிடாமல் ஜெபசீலி நூலாகப் பிரித்திருந்தாள்.

சலோமி முன்னால் வந்தாள். பின்னல் போட்ட சுருள் குஞ்சத்து நூலில் அப்படியே இருந்தது. இரண்டு விரலால் நீவினாள். விட்டதும் திரும்பச் சுருண்டது.

“வெந்நீர்ல நனைச்சுக் காயப்போட்டிருந்தா நேராயிருக்கும்,” என்றாள், ஜெபசீலிக்கு மட்டும் கேட்கும்படி.

“மைனி...”

“ஸ்வெட்டர் கையாவது பிரிக்காம வச்சிருந்தா தா. பிள்ளைக்கு மழைக்கு ஒரு குல்லா பின்னித் தாரேன்.”

கடைசியாகப் பிரித்த கையின் நூல் மரத்தின் உச்சியில் நட்சத்திரமாக நின்றது. அதை நிமிர்ந்து பார்க்காமல், கை இருக்கிறது என்று தலையாட்டினாள் ஜெபசீலி.